பெயிண்ட் டப்பாவுக்கு ஃபைவ் நைன்

அமலோற்பவ மேரியிடம் ரேடியோ படித்தவர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். அவர் பொறையாரில் மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தரும் கடை வைத்திருக்கிறார். வயது முப்பத்தெட்டு. எங்களில் முக்கால்வாசிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் நாங்கள் அவரை அமலா டீச்சர் என்போம். அவர் எங்களை சார் என்பார்.

அமெச்சூர் ரேடியோ என்பது பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, மொட்டை மாடியில் ஒரு கம்பியைக் கட்டிக் காற்றில் பேசுகிற பைத்தியம். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரே அலைவரிசையில் கூடுவோம். அதற்கு நெட் என்று பெயர். காரைக்கால் ஹபீபுல்லா பாய் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் பேச வேண்டும். அவர் குரல் எப்படிக் கேட்கிறது என்று மற்றவர்கள் இரண்டு எண்களில் சொல்ல வேண்டும். முதல் எண் பேச்சின் தெளிவு, ஐந்துக்கு. இரண்டாவது எண் அதன் பலம், ஒன்பதுக்கு. ஃபைவ் நைன் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஒன் ஒன் என்றால் ஏதோ முனகல் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் நெட்டில் ஒன்பது வருஷமாக எல்லோருக்கும் ஃபைவ் நைன்தான். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வோமோ, அதையேதான் இங்கும் சொன்னோம். யார் மனதையும் நோகடித்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

டீச்சர் மட்டும் எண் சொல்ல மாட்டார். சிலரிடம் "சரி சார்" என்பார். சிலரிடம் "திரும்பச் சொல்லுங்க சார்" என்பார். அவருடைய ரேடியோ செட் ரொம்பப் பழசு. அதற்குச் செவிட்டு செட் என்று பெயர் வைத்து, அவர் இல்லாத நேரத்தில் சிரித்துக்கொள்வோம். பெயர் வைத்தவன் நான்தான்.

சீர்காழி குஞ்சிதபாதம் தொலைபேசி இலாகாவில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. கம்பி விஷயத்தில் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவர் வீட்டு மாடியில் முதலில் இருந்தது சாதாரண ஆண்டெனா. இருபது மீட்டர் செம்புக் கம்பி, நடுவில் வெட்டி இரண்டு கைகளாக நீட்டிக் கட்டியது. நடுவிலிருந்து ஒரு கேபிள் கீழே செட்டுக்கு வரும்.

நாலு மாதத்துக்கு முன் அதில் கை வைத்தார். ஒரு பக்கம் இரண்டு மீட்டர் கூட்டினார். பிறகு மறுபக்கம் தண்ணீர்க் குழாயில் கம்பியைச் சுற்றி ஒரு சுருள் வைத்தார். முனைகளை மடக்கினார். பக்கத்திலேயே இன்னொரு கம்பி இழுத்தார். தோட்டத்தில் பள்ளம் தோண்டி எட்டுக் கம்பிகளைப் புதைத்தார். அவர் மனைவி நட்டு வைத்த வெண்டைச் செடி அதில் போயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுநாள் காலை நெட்டில் கேட்பார்.

"இன்னைக்கு எப்படி இருக்கு?"

"ஃபைவ் நைன் சார்! பிரமாதம்!"

உடனே லாக் புத்தகத்தில் எழுதி வைப்பார். யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒருவர் விடாமல், முத்து முத்தான கையெழுத்தில்.

அவர் மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் மகள் மங்கையர்க்கரசி ஆலந்திட்டில் சுகாதார செவிலியர். கொள்ளிடம் கடலில் சேருகிற இடத்தில் இருக்கிற மணல் திட்டு அது. படகில்தான் போக வேண்டும். போன வருஷப் புயலில் கைபேசிக் கோபுரம் சாய்ந்து, மூன்று நாள் அங்கே இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் குஞ்சிதபாதம் சாப்பிடவில்லை. பிறகு மகளையும் டீச்சரிடம் பரீட்சைக்குப் படிக்க வைத்து, சுகாதார நிலையத்தில் ஒரு சின்ன செட்டை வைத்தார். புயல் வந்தால் மங்கை அப்பாவைக் கூப்பிடுவாள், அப்பா எங்களைக் கூப்பிடுவார், நாங்கள் படகுக்கு ஏற்பாடு செய்வோம். இதுதான் திட்டம்.

ஐப்பசியில் வங்கக் கடலில் ஒரு புயல் உருவானது. சனிக்கிழமை கரையைக் கடக்கும் என்றார்கள். புதன்கிழமை குஞ்சிதபாதம் பஸ் பிடித்து டீச்சர் கடைக்குப் போனார்.

டீச்சர் ஒரு தண்ணீர் மோட்டாருக்குக் காயில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"என் ஆண்டெனா வேலை முடிஞ்சிடுச்சா? இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"நெட்டுல என்ன சொல்றாங்க?"

"எல்லாரும் ஃபைவ் நைன்ங்கறாங்க."

"அப்புறம் என்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

"நீங்க மட்டும் இன்னும் சொல்லலையே."

டீச்சர் கையிலிருந்த கம்பியை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்குக் காலையில நான் உங்க வீட்டுக்கு வர்றேன். இன்னைக்கு வாட்ஸ்அப்புல எல்லாருக்கும் ஒரு சேதி போட்டுடுங்க. ஆண்டெனாவுல புதுசா ஒரு மாத்தம் பண்ணியிருக்கேன், நாளைக்குச் சரியா ஏழு பத்துக்குப் பேசிப் பார்க்கப்போறேன்னு."

"புதுசா ஒண்ணும் பண்ணலையே டீச்சர்."

"நாளைக்குப் பண்ணியிருப்போம்."

மறுநாள் காலை ஆறரைக்கே டீச்சர் ஒரு துணிப்பையுடன் சீர்காழி வந்துவிட்டார். குஞ்சிதபாதம் காபி வாங்கிவர உள்ளே போனபோது செட்டுக்குப் பின்னால் குனிந்து ஏதோ செய்தார். பையிலிருந்து ஒரு சின்ன சிற்றலை ரிசீவரை எடுத்தார். அதற்கு ஜன்னல் வழியே ஒரு துண்டுக் கம்பியை வெளியே விட்டார்.

"செட்டுல பேச மட்டும் செய்யுங்க சார். மத்தவங்க பேசறதை இந்த ரிசீவர்ல கேப்போம்."

"எதுக்கு டீச்சர்?"

"அப்புறம் சொல்றேன்."

ஏழு பத்துக்கு ஹபீபுல்லா பாய் கூப்பிட்டார். குஞ்சிதபாதம் மைக்கை எடுத்து, தொண்டையைச் செருமி, அரை நிமிடம் பேசினார். வணக்கம் சொன்னார். ஆண்டெனாவில் புது மாற்றம் என்றார். எப்படிக் கேட்கிறது என்று தயவுசெய்து சொல்லும்படி கேட்டார். பிறகு பேசும் பட்டனை விட்டார்.

சின்ன ரிசீவரில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு பாயின் குரல் வந்தது.

"ஆஹா, ஃபைவ் நைன் சார்! நல்ல மாற்றம் தெரியுது!"

மாயவரத்திலிருந்து, "ஃபைவ் நைன். குரல் கணீர்னு இருக்கு."

சிதம்பரத்திலிருந்து, "ஃபைவ் நைன் சார். நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல."

மன்னார்குடியிலிருந்து, "ஃபைவ் நைன், அதுக்கும் மேல ஒரு பத்து போட்டுக்கோங்க!" அது நான்.

அன்று நெட்டில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஃபைவ் நைன். குஞ்சிதபாதத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"டீச்சர், அப்படி என்னதான் பண்ணீங்க? எந்தக் கம்பியை மாத்துனீங்க?"

"இப்படி வாங்க."

டீச்சர் மேஜையை இழுத்தார். செட்டின் பின்னாலிருந்து கிளம்பிய கேபிள் ஜன்னலுக்குப் போகவில்லை. தரையில் இருந்த ஒரு லிட்டர் பெயிண்ட் டப்பாவுக்குப் போயிற்று. மாடிக் கம்பியிலிருந்து இறங்கி வந்த கேபிள் ஓரமாகத் தனியே கிடந்தது.

"இது என்ன?"

"டப்பாவுக்குள்ள எண்ணெய். எண்ணெய்க்குள்ள ரெசிஸ்டர். செட்டைப் பழுது பார்க்கறப்போ மாட்டுவேன். செட்டு அனுப்புறது எல்லாத்தையும் வாங்கிச் சூடாக்கிக்கும். வெளிய விடாது. தொட்டுப் பாருங்க."

குஞ்சிதபாதம் தொட்டார். டப்பா வெதுவெதுப்பாக இருந்தது.

"அப்போ நான் பேசினது..."

"இதுகிட்டதான் சார் பேசினீங்க."

பேயறைந்தவர் மாதிரி நின்றார் என்று டீச்சர் பிறகு சொன்னார். டப்பாவைப் பார்த்தார், ரிசீவரைப் பார்த்தார், மறுபடி டப்பாவைப் பார்த்தார். ரிசீவரில் நாங்கள் இன்னும் அவர் ஆண்டெனாவைப் புகழ்ந்துகொண்டிருந்தோம்.

எங்கள் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று காலை எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இரைச்சல்தான். என் செட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஏனென்றால் எனக்கு முன்னால் மூன்று பேர் ஃபைவ் நைன் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மட்டும் கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் மேலே ஒரு பத்து. பாயும் அப்படித்தான். அவருக்கும் கேட்கவில்லை. பெரிய மனிதர் நாலு மாதமாக வெயிலில் நின்று கம்பி கட்டியிருக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தாராம். இதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

குஞ்சிதபாதத்துக்குப் பேச்சு திரும்பியபோது அது கோபமாகத்தான் வந்தது.

"பொய்யனுங்க! நாலு மாசமா பொய் சொல்லியிருக்கானுங்க! பாய்க்கு இப்பவே போன் போட்டுக் கேக்கறேன்."

"கேளுங்க. அதுக்கு முன்னாடி அந்த லாக் புத்தகத்தைக் கொஞ்சம் கொடுங்க."

கொடுத்தார். டீச்சர் இரண்டு பக்கம் புரட்டினார்.

"போன செவ்வாய்க்கிழமை. ஆலந்திட்டு. மங்கை முதல் தடவையா உங்களைக் கூப்பிட்டிருக்கு. நீங்க என்ன ரிப்போர்ட் கொடுத்தீங்க?"

குஞ்சிதபாதம் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"ஃபைவ் நைன்னு எழுதியிருக்கீங்க. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு டீச்சர்."

"என்ன கேட்டுச்சு?"

"அப்பான்னு ஒரு சத்தம்."

"அப்புறம்?"

"அப்புறம் இரைச்சல்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல." அவர் குரல் இறங்கிவிட்டது. "புள்ள ரெண்டு நாளா ஏணியில ஏறி எறங்கி அந்தக் கம்பியைக் கட்டியிருக்கு. முதல் நாள் அதுவுமா மனசு ஒடிஞ்சிடக் கூடாதேன்னுதான் டீச்சர்..."

"அதுக்கப்புறம் மங்கை என்ன பண்ணிச்சு?"

"என்ன பண்ணும்? சந்தோஷப்பட்டுச்சு."

"வேற?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியாமல் தடுமாறினார்.

ஆலந்திட்டில் மாதம் நெருங்கிய கர்ப்பிணிகள் இரண்டு பேர் இருந்தார்கள். மழைக்கு முன்பே அவர்களைச் சீர்காழி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் மங்கை நினைத்திருந்தாள். ரேடியோ ஃபைவ் நைன் என்றதும் மனதை மாற்றிக்கொண்டாள். வீட்டோடு இருக்கட்டும், வலி வந்தால் அப்பாவைக் கூப்பிட்டுப் படகு வரவழைத்துக்கொள்ளலாம் என்று அவர்களிடமும் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் போனில் அதைப் பெருமையாக அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள். இவரும் "நல்லது பாப்பா" என்று சொல்லியிருக்கிறார்.

"புயல் நாளை மறுநாள்" என்றார் டீச்சர்.

குஞ்சிதபாதம் போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

"பாப்பா, உன்னை எனக்குக் கேக்கலம்மா."

"என்னப்பா? இப்ப கேக்குதா?"

"போன்ல இல்ல. ரேடியோவுல. அன்னைக்கு ஃபைவ் நைன்னு சொன்னேனே, அது பொய். எனக்கு ஒரு வார்த்தைதான் கேட்டுச்சு."

டவர் போய்விட்டதோ என்று பயந்துவிட்டார்.

"பாப்பா?"

"அப்பா, நான் ரெண்டு பேரை இங்கயே இருக்கச் சொல்லிட்டேன்ப்பா." அவள் குரல் உடைந்தது. "நீ சொன்னதை நம்பிச் சொல்லிட்டேன்ப்பா."

எந்தத் தகப்பனுக்கும் அந்தப் பேச்சைக் கேட்கும் விதி வரக் கூடாது.

மங்கை அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மத்தியானப் படகில் ஒரு பெண்ணை ஏற்றி அனுப்பிவிட்டாள். இன்னொரு பெண் வள்ளிக்கண்ணு. அவளுடைய மாமியார் மசியவே இல்லை. "நீதானம்மா வீட்டுல இருக்கலாம்னு சொன்னே? இன்னும் மூணு வாரம் இருக்குன்னும் நீதான் சொன்னே. இப்ப ஆத்துல தண்ணி ஏறுறப்போ படகுல ஏத்தச் சொல்றியே" என்று கேட்டாள். சாயங்காலம் படகையும் நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் கையில் இருந்தது.

டீச்சர் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு குஞ்சிதபாதத்தின் மாடிக்கு ஏறினார். நாலு மாதமாகக் கூட்டிய கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கீழே போட்டார். சுருள் போயிற்று. இரண்டாவது கம்பி போயிற்று.

"டீச்சர், நாலு மாச வேலை!"

"இதுல எது நல்லது பண்ணிச்சு, எது கெடுத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"அதெப்படித் தெரியும்? எல்லாத்துக்கும் ஃபைவ் நைன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டு, வெட்டிய கம்பிகளைக் குனிந்து பொறுக்கினார்.

கடைசியில் முதலில் இருந்த இருபது மீட்டர்தான் மிஞ்சியது. மூட்டுகளைச் சுரண்டி, புதிதாக ஈயம் வைத்துக் கட்டினார்கள். பிறகு மங்கையின் கம்பி. அப்பா ஒரு காதில் போனை வைத்துக்கொண்டார், மறுகாதை ரேடியோவுக்குக் கொடுத்தார். மங்கை ரேடியோவில் ஒன்று முதல் பத்து வரை எண்ணுவாள். இவர் கேட்டதைச் சொல்வார்.

"ஒன் ஒன்."

ஆலந்திட்டில் கம்பியின் ஒரு முனை சுகாதார நிலையத்தின் தகரக் கூரை மேலேயே படுத்திருந்தது. அதைத் தூக்கிச் சவுக்குக் கம்பில் கட்டச் சொன்னார் டீச்சர்.

"டூ ஒன்."

"அப்பா, ஒண்ணரை மணி நேரமா கட்டியிருக்கேன்."

"டூ ஒன்தாம்மா பாப்பா."

இன்னொரு முனை தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியோடு நேராக முடிச்சுப் போட்டிருந்தது. நடுவில் நைலான் கயிறு கொடுக்கச் சொன்னார். மழை பிடித்துக்கொண்டது. ஏணியில் நின்றபடியே மங்கை கட்டினாள். அவள் நனைகிறாள் என்று தெரிந்தும் குஞ்சிதபாதம் எண்ணை மாற்றிச் சொல்லவில்லை. சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வழிந்தது என்று டீச்சர் சொன்னார்.

"த்ரீ டூ."

அதற்கு மேல் ஏறவில்லை. இருட்டும் வந்துவிட்டது.

"த்ரீ டூ போதுமா டீச்சர்?"

"த்ரீ டூன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமில்ல சார்" என்றார் டீச்சர். "இனிமே பேசறப்போ ஒரு வார்த்தையை மூணு தடவை சொல்லச் சொல்லுங்க. நீங்க எழுதினதை அதுக்குத் திருப்பிச் சொல்லுங்க."

சனிக்கிழமை காலை நெட்டில் குஞ்சிதபாதம் எங்கள் எல்லோருக்கும் பெயிண்ட் டப்பா கதையைச் சொன்னார். யாரையும் திட்டவில்லை. தன் மகளுக்குத் தான் கொடுத்த ரிப்போர்ட்டையும் சேர்த்தே சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மன்னார்குடி, நீங்க எனக்கு த்ரீ ஃபோர்" என்றார். ஒன்பது வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லாத எண். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கோபத்தோடு மாடிக்கு ஏறிப் போனேன். என் ஆண்டெனாவின் ஒரு கை அறுந்து, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாகத் தொங்குகிறதோ, தெரியாது.

அன்று ராத்திரி புயல் கரையைக் கடந்தது. ஆலந்திட்டுக் கைபேசிக் கோபுரம் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே செத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு நெட் நடக்கும்போது குஞ்சிதபாதம் குறுக்கே வந்தார். "எல்லாரும் நிறுத்துங்க. ஆலந்திட்டு."

காற்றில் இரைச்சல் மட்டும். அவர் எங்களுக்கு வரிவரியாகச் சொன்னார்.

"வள்ளிக்கண்ணுங்கறா. வள்ளிக்கண்ணு. மறுபடி வள்ளிக்கண்ணு. அடுத்த வார்த்தை புரியல. பாப்பா, திரும்பச் சொல்லு."

இரைச்சல்.

"படகு. படகுங்கறா. நடுவுல ஒரு வார்த்தை போகுது. பாய், உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எனக்குக் கேக்கல சார்" என்றார் பாய்.

"மாயவரம்?"

"கேக்கல."

"மன்னார்குடி?"

"எனக்குக் கேக்கல" என்றேன்.

சிதம்பரம், கேட்கவில்லை. கும்பகோணம், கேட்கவில்லை. இதே இடத்தில் போன வாரம் நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது செவிட்டு செட்டிலிருந்து குரல் வந்தது.

"பொறையார். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டுச்சு. ரத்தம். மூணு தடவை. ரத்தம், ரத்தம், ரத்தம்."

குஞ்சிதபாதம் மகளிடம் மூன்று வார்த்தைகளையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னார். பிறகு எங்களிடம், "ஆமாங்கறா" என்றார். பாய் உடனே புயல் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினார். செய்தி வெறும் பிரசவ வலி என்று போயிருந்தால் படகு மட்டும்தான் போயிருக்கும். ரத்தம் என்றதால் டாக்டரும் ரத்தப் பையோடு அதே படகில் போனார். ஒன்பதே முக்காலுக்குப் படகு திட்டைத் தொட்டது. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று அந்த டாக்டர் மங்கையிடம் சொன்னாராம். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

அடுத்த வாரம் குஞ்சிதபாதம் டீச்சர் கடைக்கு வந்தார். என் ஆண்டெனாவுக்குக் கம்பி வாங்க நானும் போயிருந்தேன். அவர் கையில் லாக் புத்தகம் இருந்தது. வள்ளிக்கண்ணு செய்தி வந்த பக்கத்தை டீச்சரிடம் காட்டினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு மட்டும் மனசுல கிடந்து அரிக்குது."

"சொல்லுங்க சார்."

"நாலு மாசமா எல்லாரும் பொய் சொன்னாங்க. சரி, நானும் சொன்னேன். நீங்க பொய் சொல்லலை. ஆனா உண்மையையும் சொல்லலையே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தா, இத்தனை கம்பியை நான் கூட்டியிருப்பேனா? புள்ளைக்கு அந்த ஃபைவ் நைனைத்தான் கொடுத்திருப்பேனா?"

டீச்சர் காயிலைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"தினமும் சொன்னேனே சார்."

"என்ன சொன்னீங்க?"

"திரும்பச் சொல்லுங்கன்னு."

குஞ்சிதபாதம் லாக் புத்தகத்தைத் திறந்தார். பின்னாலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டே போனார். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் கடைசி வரியில் அந்த முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது: "அமலா டீச்சர், செட் கோளாறு." "அமலா டீச்சர், செட் கோளாறு." நாலு மாதத்துக்கு அதேதான். முதல் இரண்டு மீட்டர் கம்பியைக் கூட்டிய நாளில்தான் அது ஆரம்பித்திருந்தது.

அதற்கு முந்தின நாளின் கடைசி வரி, "அமலா டீச்சர், சரி."

அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு குஞ்சிதபாதம் உட்கார்ந்திருந்தார்.